வாசிக்க மட்டும் தெரிந்தவன்

அமெரிக்காவின் பிளானோ நகரில் நாங்கள் வீடு வாங்கிய வருடம், நோன்பு மாதத்தில் ஒரு நாள் என் மேனேஜரை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு அழைத்திருந்தேன். டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் அதைவிட உயரம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அங்கே பெரியவர்களுக்கு பைபிள் வகுப்பும் எடுப்பவர். எங்கள் நோன்பை மதித்து அன்று தானும் மதியம் வரை ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். மதியத்துக்குப் பிறகு என்ன சாப்பிட்டார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மேஜையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி இருந்தது. மக்காவுக்கு உம்ரா போய் வந்தவர்கள் மதீனாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று நாலாவது படிக்கும் என் மகள் கேட்டாள். நான் பெட்டியை எடுத்து, உச்சரிப்புப் பிசகாமல், ஓதுகிற ராகத்திலேயே வாசித்துக் காட்டினேன். கீழக்கரையில் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனவர்களுக்கு இது ஒரு காரியமே இல்லை. எந்த எழுத்து தொண்டையின் எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்பது எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது வேறு துறை. அதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

மேனேஜர் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார்.

“உங்களுக்கு அரபி தெரியுமா?”

“வாசிப்பேன். அர்த்தம் தெரியாது.”

“அர்த்தம் யாருக்குத்தான் தெரியும்?” என்றார் மெதுவாக. “நானும் சின்ன வயதிலிருந்து வேதத்தை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. நான் சொன்னதை அவர் தத்துவமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. பிடிபட்டபோது அவர் இரண்டாவது கிண்ணம் நோன்புக் கஞ்சிக்குப் போயிருந்தார்.

சில மாதங்கள் கழித்து, 2005-இன் தொடக்கத்தில், ஆபீஸில் என் கியூபிக்கிள் தடுப்புக்கு மேலே அவருடைய தலை தெரிந்தது. அவருடைய சர்ச்சிலிருந்து சிலர் கோடையில் ஜோர்டான் போகிறார்களாம். சாக்கடலுக்குக் கிழக்கே ஒரு மேடு. பைபிளில் மோவாப் என்று வருகிற தேசத்தின் பழைய ஊர் ஒன்று அதற்குள் புதைந்து கிடக்கிறது. ஒரு பேராசிரியை அங்கே அகழாய்வு நடத்துகிறார். மண் தோண்டவும் சுமக்கவும் ஆர்வமுள்ளவர்கள் தாங்களாக முன்வந்து லீவு போட்டுவிட்டுப் போகலாம்.

“தோண்டுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அரபி தெரிந்தவர்தான் இல்லை,” என்றார். “உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.”

“எனக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும். பேச வராது.”

“தெரியும், தெரியும்,” என்று தடுப்புக்கு மேலிருந்தே கையை நீட்டித் தோளில் தட்டினார். “உங்களிடம் எனக்குப் பிடித்ததே இந்த அடக்கம்தான்.”

அந்த வாரம் பள்ளிவாசல் பொட்லக் விருந்தில் சென்னைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். விசா விஷயங்களில் எங்கள் வட்டாரத்துக்கே ஆலோசனை சொல்பவர் அவர். பிரியாணித் தட்டோடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“மேனேஜரே கூப்பிடுறாரு, நீங்க யோசிக்கிறீங்க. கிரீன் கார்டு அப்ளை பண்ணிட்டு வெயிட் பண்ற டைம்ல நோ சொல்ற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன் பாய்.”

கிரீன் கார்டு மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். மூசா நபியும் லூத் நபியும் நடந்த பூமி என்று சிறு வயதிலிருந்து காதில் விழுந்த இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. தோண்டுவது பற்றித்தான் எனக்கு ஒன்றும் தெரியாது. அதை என் மனைவி உடனே பிடித்துக்கொண்டாள்.

“ஏன் மச்சான், பேக்யார்டுல ரோஜாச் செடி வைக்க ஒரு குழி தோண்டித் தாங்கன்னு வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன். ஷவல் கராஜ்ல தொங்குது. நீங்க ஃப்ளைட் புடிச்சுப் போயி ஜோர்டான்ல தோண்டப் போறீங்களா?”

“அது மூவாயிரம் வருஷத்துப் பழைய ஊரு.”

“அப்ப இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும். அது எங்கயும் ஓடிறாது.”

என் மகளுக்கு வேறு கவலை. “வாப்பா, பட் யூ டோன்ட் நோ அராபிக்,” என்றாள்.

“ஆமாம்மா.”

“டஸ் ஹீ நோ தட்?”

“சொல்லிட்டேன்மா.”

“டிட் ஹீ லிசன்?”

சூட்கேஸில் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்து, ஜூன் மாதம் மேனேஜரோடு விமானம் ஏறினேன்.

அம்மான் விமான நிலையத்திலேயே நிலைமை கைமீறிவிட்டது. இமிகிரேஷன் அதிகாரி என் பெயரைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து அரபியில் ஏதோ கேட்டார். நலம் விசாரிக்கிறார் என்று தோன்றியது. “அல்ஹம்துலில்லாஹ்,” என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் அல்ஹம்துலில்லாஹ் பொருத்தமாகவே இருக்கும் என்று பட்டது. மூன்றாவதாகக் கேட்டபோது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதையே கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்ற மேனேஜர், உடன் வந்த சர்ச் ஆட்களிடம், “பார்த்தீர்களா, எவ்வளவு சரளம்,” என்று சொல்வது எனக்குக் கேட்டது.

மேட்டுக்கு அடுத்திருந்த கிராமத்தில், கோடை விடுமுறைக்காக மூடியிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். வகுப்பறைகளில் கட்டில் போட்டிருந்தது. எங்கள் அறைக் கரும்பலகையில் யாரோ ஒரு டீச்சர் எழுதிவிட்டுப் போன வரிகள் அழியாமல் இருந்தன. மேனேஜர் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என்ன அர்த்தம் என்று கேட்டார்.

“பாடம்,” என்றேன்.

மேட்டின் மேல் கயிறு கட்டி நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். சூரியன் வருமுன் போய் வெயில் ஏறும்வரை தோண்ட வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும் உள்ளூர் ஆட்களுக்கு. எங்களுக்குக் கொத்தனார் கரண்டியும் பிரஷும். தோண்டிய மண்ணைப் பழைய டயரில் செய்த கூடைகளில் அள்ளிக்கொண்டு போய்ச் சல்லடையில் சலித்து, கிடைக்கிற ஓட்டாஞ்சில்லுகளைப் பொறுக்க வேண்டும். மாலையில் அவற்றைப் பல் விளக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். மேனேஜருக்கு முழங்கால் மடங்காது என்பதால் அவரைச் சல்லடைக்குப் போட்டார்கள். ஒவ்வொரு எலும்புத் துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “சிங்கமாக இருக்குமா?” என்று கேட்பார். எல்லாம் ஆடு.

எங்கள் சதுரத்துக்குப் பொறுப்பாளர் ஒரு ஆராய்ச்சி மாணவி. மூக்கெல்லாம் வெயிலில் உரிந்துபோய், தூங்காத கண்களோடு இருப்பார். அவர் தனியாகப் பொறுப்பேற்ற முதல் சதுரம் அது. அரபியில் அவருக்குத் தெரிந்தது ‘யல்லா’, ‘ஷுக்ரன்’ என்ற இரண்டு சொற்கள்தான். அரபி நன்றாகப் பேசக்கூடிய பேராசிரியையோ, ஏதோ அனுமதிப் பத்திரத்துக்காக முதல் நாளே அம்மான் போய்விட்டார். போகும்போது மாணவியிடம், “கவலைப்படாதே, டெக்சாஸிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார்,” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் மாணவியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு சொல் தெரிந்தாலும் என்னைவிட மேல்,” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை.

எங்களோடு நாலு உள்ளூர் ஆட்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி, சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தலையில் கட்டிய, என் வயதை ஒத்த ஒரு மனிதர். நான் ஓதிய ஓதலில் அங்கங்கே அர்த்தம் தெரிந்த சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேச ஆரம்பித்தேன். ஹஜருல் அஸ்வத் என்றால் கருப்புக் கல், ஆகவே ஹஜர் என்றால் கல். துராப் என்றால் மண். ஜிதார் என்றால் சுவர். நம்மூர்க் கொத்தனாரிடம் ஒருவன் வந்து, ‘ஐயன்மீர், நீர் கொணர்மின்’ என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். நான் ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் நாலு பேரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுகைக்கு நிழல்வலைக்கு அடியில் பாய் விரித்தார்கள். மேஸ்திரி என்னைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டார். லுஹரில் இமாம் சத்தமாக ஓதுவதில்லை, பிழைத்தேன். ஆனால் தொழுகை முடிந்ததும் ஏதாவது ஓதும்படி சைகை காட்டினார். ஓதினேன். சின்ன வயதில் ஓதிக்கொடுத்த லெப்பையின் பிரம்புக்குப் பயந்து கற்ற உச்சரிப்பு, வீண் போகவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தபோது நாலு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து நான் ஷேக்.

அதன் பிறகுதான் சிக்கல் வளர்ந்தது. இவ்வளவு நன்றாக ஓதுகிறவனுக்கு அரபி தெரியாது என்று எந்த அரபியாவது நம்புவானா? நான் பேசாமல் இருப்பது ஞானத்தினால் என்று முடிவு செய்துவிட்டார்கள். தேநீர் இடைவேளையில் மேஸ்திரி என் அருகில் உட்கார்ந்து, ஏதோ இலை போட்ட இனிப்புத் தேநீரை ஊற்றிக் கொடுத்து, நீளமாகப் பேசுவார். குரலில் ஒரு கோரிக்கை இருக்கும். நான் தலையை ஆட்டுவேன். முடிவில் என் முகத்தைப் பார்ப்பார். “இன்ஷா அல்லாஹ்,” என்பேன், இறைவன் நாடினால் நடக்கும் என்று. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

வியாழக்கிழமை நடந்ததுதான் பெரிய விஷயம். எங்கள் சதுரத்தின் குறுக்கே ஒரு கற்சுவர் வெளிப்பட்டிருந்தது. மாணவி அதைக் கோட்டைவாசலின் ஒரு பகுதி என்று நினைத்தார். முந்தின நாள் முழுக்க அதைப் பிரஷால் துடைத்து, ஒவ்வொரு கல்லாக வரைபடத்தில் வரைந்துகொண்டிருந்தார். தன் ஆராய்ச்சிக்கே அது அச்சாணியாகப் போகிறது என்று நம்பினார். அன்று காலை போட்டோ எடுக்கும் ஏணியைக் கொண்டுவரக் கீழே இறங்கும்போது என்னிடம் சொன்னார்: “சுவரைத் தொட வேண்டாம், இந்தப் பக்கம் மட்டும் தோண்டச் சொல்லுங்கள்.”

எனக்கு ‘வேண்டாம்’ தெரியும், ‘சுவர்’ தெரியும். ‘தொட’ தெரியாது.

சுவரைக் காட்டி, “லா ஜிதார்,” என்றேன். கையையும் பலமாக வீசினேன்.

மேஸ்திரி சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ ஒரு கேள்வி கேட்டார், உறுதிப்படுத்திக்கொள்வது போல. “நஅம்,” என்றேன். ஆம் என்று அர்த்தம். அவர் என்ன கேட்டார் என்பதுதான் எனக்குத் தெரியாதே தவிர, பதில் சரியான அரபிதான்.

கூடையை எடுத்துக்கொண்டு மண் கொட்டப் போனேன். சல்லடையில் மேனேஜர் ஒரு எலும்பைக் காட்டி அபிப்பிராயம் கேட்டதால் கொஞ்சம் தாமதமாயிற்று. திரும்பி வந்தபோது சுவரின் மேல் இரண்டு வரிசையைக் காணவில்லை. கற்களை ஓரமாக, வெகு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள். நாலு பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பாராட்டுக்காக என்னைப் பார்த்தார்கள்.

மாணவி ஏணியோடு வந்து சேர்ந்தார். கத்தவில்லை. ஏணியைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?”

“சுவர் வேண்டாம் என்று சொன்னேன்.”

சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அவர் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ சர்வரை டவுன் ஆக்கியிருக்கிறேன், புரொடக்‌ஷனில் தப்பான புரோகிராமைப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பேக்கப் இருந்தது. மூவாயிரம் வருடத்துச் சுவருக்கு பேக்கப் கிடையாது. பக்கத்தில் ஒரு ஆழமான குழி இருந்தது. அதில் இறங்கி உட்கார்ந்துகொள்ளலாமா என்று நிஜமாகவே பார்த்தேன்.

ஏதோ தப்பாகிவிட்டது என்று மேஸ்திரிக்குப் புரிந்தது. பதறிப்போய், எடுத்த கல்லைத் திரும்ப வைப்பதற்காகக் குனிந்தவர், மிஞ்சிய சுவரின் கற்களுக்கு அடியில் கைவிட்டு எதையோ இழுத்தார். துருவேறி நசுங்கிய ஒரு தகர டப்பா. துடைத்து, மிகுந்த மரியாதையோடு என்னிடம் நீட்டினார். பக்கவாட்டில் அரபி எழுத்து இருந்தது.

மாணவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். “என்ன எழுதியிருக்கிறது?”

வாசிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. உச்சரிப்புப் பிசகாமல் வாசித்தேன். “ஸர்தீன்.” அடுத்த வரி பாதி அழிந்திருந்தது. கடைசிச் சொல் மட்டும் தெளிவு. “மஃரிப்.” அந்தச் சொல் எனக்குத் தெரியும், தினமும் மாலையில் தொழுகிற தொழுகை. ஆகவே தைரியமாக மொழிபெயர்த்தேன்: “ஸர்தீன் என்று ஏதோ ஒன்று. அந்திநேரத்தோடு சம்பந்தப்பட்டது.”

சத்தம் கேட்டு வந்திருந்த மேனேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டார். “அந்திப் பலியாக இருக்குமா?” என்றார் தணிந்த குரலில்.

அந்த நேரத்தில் பேராசிரியை அம்மானிலிருந்து திரும்பி மேட்டில் ஏறிவந்துகொண்டிருந்தார். குள்ளமான அம்மாள், வாயில் எப்போதும் ஒரு பென்சில். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதைக் கேட்டார். டப்பாவை வாங்கிப் பார்த்தார். சுவரின் மிச்சத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பென்சிலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

“மத்தி மீன் டப்பா. மொராக்கோவில் செய்தது. அரபியில் மொராக்கோவுக்குப் பெயர் மஃரிப்,” என்றார். “இது கோட்டைவாசல் இல்லை, ஆட்டுப் பட்டி. யாரோ மேய்ப்பர்கள் கட்டியது. சுவருக்கு அடியில் மத்தி டப்பா இருந்தால், சுவருக்கு என்ன வயது இருக்கும்? என்னைவிடச் சின்னது.”

மாணவி வரைபடத்தைப் பார்த்தார். அவ்வளவு அழகாக வரைந்திருந்தார். “இதை நான் இன்னும் எத்தனை நாள் வரைந்துகொண்டிருந்திருப்பேன்?” என்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர், நான் ஷேக் என்பது நினைவுக்கு வந்தோ என்னவோ, நின்று கையை மட்டும் குலுக்கினார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது முழுதாக வந்து சேருமுன் மேஸ்திரி பேராசிரியையிடம் ஏதோ சொன்னார். அவர் புருவத்தை உயர்த்தி என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்மா குத்பா நீங்கள்தானாமே?”

“நானா?”

“இமாம் உம்ரா போயிருக்கிறாராம். மேஸ்திரி இரண்டு நாளாக உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் ஒவ்வொரு தடவையும் இன்ஷா அல்லாஹ் என்று ஒத்துக்கொண்டீர்களாம். ஊரில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.”

ஜும்மாவில் மேடை ஏறி ஊரையே பார்த்துப் பிரசங்கம் செய்வது. அதுவும் அரபியில், அரபிகளுக்கு. பேராசிரியையின் காலில் விழாத குறையாகச் சொன்னேன்: “தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். எனக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும். அர்த்தம் தெரியாது.”

அவர் சொன்னார். மேஸ்திரி யோசித்தார். இந்தச் செய்தியை நான் அமெரிக்காவில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் தடவையாக ஒருவர் அதை அப்படியே புரிந்துகொண்டார்.

“அப்படியானால் வாசிக்கட்டும்,” என்றாராம். “அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.”

மறுநாள் குளித்து, மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று வைத்திருந்த வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிவாசல் சின்னது. அலமாரியில் பழைய குத்பாக் கிதாபு ஒன்று இருந்தது. மேஸ்திரி ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். எங்கள் ஊரிலும் குத்பா ஓதும் கத்தீபு இப்படித்தான் அரபியில் பார்த்து வாசிப்பார். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குள் இருந்தது. மேடைப்படி ஏறி மைக்கின் முன் நின்று ஆரம்பித்தேன். கடைசி வரிசையில் மேனேஜர் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது.

முதல் பக்கம் முடிவதற்குள் பயம் போய்விட்டது. நடுவில் ஓர் இடத்தில் தூணோரம் இருந்த ஒருவர் தேம்பினார். என்ன வாசித்தேன் என்று தெரியவில்லை, ஆனாலும் அந்த வரியை மற்றதைவிடச் சற்று மெதுவாக முடித்தேன். திருப்பிய பக்கம் இன்னும் பழைய தாளாக, வேறு மாதிரி எழுத்தாக இருந்தது. அது முடிவில் கேட்கும் வேண்டுதல், துஆ, என்று ராகத்திலேயே தெரிந்தது. வரிக்கு வரி எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். ஒரு வரியில் மட்டும் ஆமீன் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மற்ற வரிகளைவிடப் பலமாக வந்தது.

வெளியே வந்ததும் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை,” என்றார்.

“எனக்கும்தான்,” என்றேன்.

இந்த முறையும் அவர் அதைத் தத்துவமாகவே எடுத்துக்கொண்டார்.

மதியம் மேஸ்திரி வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோறும், தயிரில் வெந்த ஆடும். லவுட் ஸ்பீக்கரில் குத்பா ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. பேராசிரியை பள்ளிக்கூட வராந்தாவில் சில்லு கழுவிக்கொண்டே முழுதும் கேட்டிருக்கிறார்.

“அருமையாக வாசித்தீர்கள்,” என்றார். “சுல்தானின் படைகளுக்கு நிலத்திலும் நீரிலும் வெற்றி கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.”

“எந்த சுல்தான்?”

“துருக்கி சுல்தான். அவருடைய ராஜ்ஜியம் போய் எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்கு நீண்ட ஆயுளும் கேட்டீர்கள்.”

கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவர் பெரிய ஆட்டுத் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னதைப் பேராசிரியை மொழிபெயர்த்தார்.

“இருக்கட்டும். பாவம், அவருக்கும் யாராவது துஆ செய்ய வேண்டாமா என்கிறார்.”

மீதி வாரங்களில் என்னை யாரும் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. மண் தள்ளுவண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு இறக்கத்தில் காலி வண்டியோடு வருவேன். ஆட்டுப் பட்டிக்கு வெகு கீழே உண்மையான பழைய தரை ஒன்று வந்தது. அதில் ஒரு அடுப்பும், அதன் சாம்பலும், உடைந்த சமையல் பானையும் இருந்தன. மாணவி அதை வரைந்த நாட்களில் அவர் முகத்தில் தூக்கம் தெளிந்திருந்தது.

திரும்பி வரும்போது டல்லாஸ் விமான நிலையத்தில், அந்த வருடங்களில் என்னுடையதைப் போன்ற பெயர் உள்ளவர்களுக்கு நடப்பது போலவே, என்னைத் தனி அறைக்கு அனுப்பினார்கள். மேனேஜர் தன்னைப் போகச் சொன்னாலும் போகவில்லை. எனக்கு உதவியே தீருவது என்று கூடவே வந்து உட்கார்ந்துகொண்டார். இளம் அதிகாரி ஒருவர் பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஜோர்டானில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“மண் சுமந்தேன்,” என்றேன்.

“அது மட்டுமில்லை,” என்றார் மேனேஜர். “இவர் அங்கே மசூதியில் பிரசங்கம் செய்தார். அரபியில். ஊரே அழுதது.”

அதிகாரி பேனாவை எடுத்தார்.

“என்ன பிரசங்கம் செய்தீர்கள்?”

“எனக்குத் தெரியாது சார்.”

அதன் பிறகு நான் பேரீச்சம்பழப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. சுவர், மத்தி டப்பா, இன்ஷா அல்லாஹ், சுல்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பாதியில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முடித்ததும் உள்ளே போய் இன்னொரு அதிகாரியைக் கூட்டிவந்து, “சுவரிலிருந்து மறுபடி சொல்லுங்கள்,” என்றார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகச் சொன்னேன். கதவுவரை வந்து வழியனுப்பினார்கள். பார்க்கிங்கில் மேனேஜர், “இவ்வளவு நாளும் உங்களுக்கு நிஜமாகவே அரபி தெரியாதா?” என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாளன்று வீடு நிறைய ஆட்கள். மேனேஜரும் மனைவியோடு வந்திருந்தார். மதியம் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண். எடுத்தால், மேஸ்திரி. பெருநாள் வாழ்த்து சொன்னார், அது புரிந்தது. பிறகு நீளமாகப் பேச ஆரம்பித்தார். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். வீடே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்ஷா அல்லாஹ் மட்டும் கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. “மாஷா அல்லாஹ்,” என்றேன், நல்ல செய்திக்குச் சொல்வது போல, சந்தோஷமாக.

“மாஷா அல்லாஹ்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு ஏதோ சொல்லி, ஸலாம் சொல்லி வைத்துவிட்டார்.

“யாரு மச்சான்? என்ன சொன்னாரு?” என்றாள் மனைவி.

“மேஸ்திரி. எல்லாரும் நல்லா இருக்காங்களாம்.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“குரல்லயே தெரியுதுல்ல.”

அவள் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். “எதுக்கும் துக்கச் செய்திக்குச் சொல்ற ‘இன்னா லில்லாஹி’யும் ஒண்ணு சொல்லி வச்சிருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, மேனேஜரின் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கப் போனாள்.